லிங்கனை வளர்த்த சிற்றன்னை

1861-ம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசி. ஆபிரகாம் லிங்கன் அமெரிக்காவின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மூன்று மாதம் ஆகப்போகிறது. இன்னும் பன்னிரண்டு நாளில் அவர் ஸ்பிரிங்பீல்டு நகரை விட்டுத் தலைநகர் வாஷிங்டனுக்குப் புறப்பட வேண்டும்.

வீட்டு வாசலில் எந்நேரமும் கூட்டம். உத்தியோகம் கேட்டு வருகிறவர்கள், சிபாரிசுக் கடிதத்துடன் வருகிறவர்கள், யோசனை சொல்ல வருகிறவர்கள்! நாடோ இரண்டாகப் பிளந்து கொண்டிருந்தது. அடிமை முறையைக் கைவிட மாட்டோம் என்று தெற்கே ஆறு மாநிலங்கள் பிரிந்து போய்விட்டன. பதவி ஏற்பு விழாவில் பேச வேண்டிய பேச்சைத் தயாரிக்க வேண்டும். பல வருடம் குடியிருந்த வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

இத்தனை வேலைக்கும் நடுவே, ஜனவரி 30-ந் தேதி லிங்கன் ரெயில் ஏறிப் போய்விட்டார். பரிவாரம் இல்லை; மெய்க்காவலரும் இல்லை.

எங்கே போனார்? எந்தப் பெரிய மனிதரைப் பார்க்கப் போனார்?

அவர் பார்க்கப் போனது 72 வயதுக் கிழவி ஒருத்தியை. எழுதப் படிக்கத் தெரியாதவள். பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமானால் பேனாவால் ஒரு கீறல் குறி போடுவாள். லிங்கனைப் பெற்றவள்கூட அல்ல. அவருடைய தகப்பனாரின் இரண்டாவது மனைவி.

மாற்றாந்தாய் என்றால் நம் கதைகளில் நல்ல பெயர் கிடையாது. துருவனைத் தகப்பன் மடியில் ஏறவிடாமல் விரட்டிய சுருசியையும், ராமனைக் காட்டுக்கு அனுப்பிய கைகேயியையும்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. மேல்நாட்டுக் கதைகளிலும் அப்படித்தான். ஆனால் லிங்கனின் வாழ்க்கையில் வந்த சிற்றன்னை வேறு விதமானவள். அவள் பெயர் சாரா.

தாய் இல்லாத வீடு

லிங்கன் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி கென்டக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிசையில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் லிங்கன். தச்சு வேலையும் செய்வார், விவசாயமும் பார்ப்பார். தாயார் நான்சி. ஆபிரகாமுக்கு இரண்டு வயது மூத்த அக்காள் ஒருத்தி உண்டு. அவள் பெயரும் சாராதான்.

1816-ம் ஆண்டு இறுதியில் குடும்பம் ஓஹையோ ஆற்றைத் தாண்டி இந்தியானாவுக்குக் குடி பெயர்ந்தது. அங்கே எங்கு பார்த்தாலும் காடு. கரடிகள் திரியும். மரத்தை வெட்டித்தான் வீடு கட்ட வேண்டும், மரத்தை வெட்டித்தான் வயலும் உண்டாக்க வேண்டும். ஏழு வயதுப் பையன் ஆபிரகாமின் கையிலும் ஒரு கோடரியைக் கொடுத்தார்கள்.

இரண்டு வருடம் போயிற்று. 1818-ல் அந்தப் பக்கத்தில் ஒரு விநோதமான நோய் பரவியது. மாடுகள் காட்டில் மேயும்போது, வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு விஷச் செடியைத் தின்றுவிடும். விஷம் பாலில் இறங்கும். பாலைக் குடித்தவர்களுக்கு நடுக்கமும் வாந்தியும் கண்டு, சில நாளில் உயிர் போய்விடும். செடிதான் காரணம் என்பது அன்று அந்த ஜனங்களுக்குத் தெரியாது. பால் நோய் என்று பெயர் மட்டும் வைத்திருந்தார்கள்.

நான்சியின் உறவினர் இருவர் முதலில் இறந்தார்கள். அடுத்தது நான்சி. அக்டோபர் 5-ந் தேதி அவள் கண்ணை மூடினாள். தாமஸ் தானே மரத்தை அறுத்துப் பெட்டி செய்தார். பெட்டியின் பலகைகளைப் பூட்டுவதற்கு மர ஆணி வேண்டும். அந்த ஆணிகளை ஒன்பது வயது ஆபிரகாம் சீவிக் கொடுத்தான் என்று சொல்வார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. பதினொரு வயது அக்காள்தான் சமையல். அடுப்புப் புகையில் உட்கார்ந்து அழுவாள். தாமஸ் வேட்டைக்குப் போவார், எதுவும் பேசமாட்டார். அதே நோயால் ஆதரவை இழந்த டென்னிஸ் ஹாங்ஸ் என்ற உறவுக்காரப் பையனும் அவர்களோடு வந்து தங்கினான். அவனுக்கு வயது 19. நால்வரும் எப்படியோ ஒரு குளிர்காலத்தை ஓட்டினார்கள். அடுத்த குளிர்காலம் நெருங்கியபோது தாமஸ் ஒரு முடிவுக்கு வந்தார். பிள்ளைகளை டென்னிசிடம் விட்டுவிட்டு, பழைய ஊரான கென்டக்கிக்குப் புறப்பட்டார்.

கடன் தீர்ந்தது, கல்யாணம் நடந்தது

கென்டக்கியில் எலிசபெத்டவுன் என்ற ஊரில் சாரா இருந்தாள். தாமசுக்கு அவளைச் சிறு வயதிலேயே தெரியும். அவளுடைய கணவர் அந்த ஊர் ஜெயிலைக் கவனித்துக் கொண்டிருந்தவர், 1816-ல் இறந்துவிட்டார். அவளுக்கு மூன்று குழந்தைகள். எலிசபெத், மட்டில்டா என்று இரு பெண்கள். ஜான் என்று ஒரு பையன்.

தாமஸ் நேரே அவள் வீட்டுக்குப் போனார். சுற்றி வளைக்கவில்லை. தனக்கு மனைவி இல்லை, அவளுக்குக் கணவன் இல்லை, சிறு வயது முதல் ஒருவரை ஒருவர் தெரியும், ஆகையால் கல்யாணம் செய்து கொள்ளலாம் என்று கேட்டார். ஊரில் சில சில்லறைக் கடன்கள் இருக்கின்றன, அவற்றை அடைக்காமல் வர முடியாது என்றாள் சாரா. தாமஸ் கடன்காரர்களின் பெயரை வாங்கிக் கொண்டு போனார். அன்றே அத்தனையும் தீர்ந்தது. மறுநாள் கல்யாணம். அது 1819-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி.

சாராவுக்கு அப்போது வயது 31 நிறைய இன்னும் சில நாள் இருந்தது. முன்பின் பார்த்திராத காட்டுக்கு, மூன்று குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகப் போகத் துணிந்தாள்.

நான்கு குதிரை பூட்டிய வண்டியில் அவளுடைய சாமான்கள் ஏறின. வால்நட் மரத்தில் செய்த இழுப்பறை அலமாரி ஒன்று. அதன் விலை மட்டும் சுமார் 40 டாலர். மேஜை, நாற்காலிகள், துணிப்பெட்டி, கத்தி, கரண்டி, போர்வைகள், இறகு மெத்தை! சில புத்தகங்களும் வந்தன. படிக்கத் தெரியாதவளின் வீட்டுச் சாமான்களோடு புத்தகம் வந்ததுதான் வேடிக்கை. அவற்றில் ராபின்சன் குரூசோ ஒன்று என்பார்கள்.

தரைக்குப் பலகை

வண்டி காட்டுக் குடிசையின் முன் நின்றது. உள்ளேயிருந்து இரண்டு குழந்தைகள் எட்டிப் பார்த்தன. கிழிந்த உடை, சிக்குப் பிடித்த தலை, மேலெல்லாம் அழுக்கு. குடிசைக்குத் தரை இல்லை, மண்தான். சரியான கதவு இல்லை. ஜன்னலே இல்லை.

சாரா ஒப்பாரி வைக்கவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்கா கூட்டி வந்தாய் என்று கணவனிடம் சண்டையும் போடவில்லை. தண்ணீரும் சோப்பும் கொண்டுவரச் சொன்னாள். இரண்டு பிள்ளைகளையும் தேய்த்துக் குளிப்பாட்டினாள். தலை வாரிவிட்டாள். தன் குழந்தைகளின் துணியை எடுத்து உடுத்திவிட்டாள். குளிப்பாட்டிய பிறகுதான் அவை மனிதக் குழந்தைகள் போலத் தெரிந்தன என்று வயதான காலத்தில் அவளே சொன்னாள்.

அன்றுவரை ஆபிரகாம் இலையும் சோளத் தோலும் அடைத்த படுக்கையில் படுத்திருந்தான். இப்போது இறகு மெத்தை!

அடுத்து, தாமசை வேலை வாங்கினாள். தச்சன் வீட்டில் கதவு இல்லாமல் இருக்கலாமா? தரைக்குப் பலகை போடச் சொன்னாள். கதவு மாட்டச் சொன்னாள். ஜன்னல் வைக்கச் சொன்னாள். சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னாள். தாமஸ் எல்லாவற்றையும் செய்தார். செய்யத் தெரியாதவர் அல்ல. செய் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்தச் சிறிய குடிசையில் இப்போது எட்டுப் பேர். தன் பிள்ளை மூன்று, அவர் பிள்ளை இரண்டு, டென்னிஸ் ஒருவன். இது போதாதா ஒரு வீடு இரண்டுபட? அப்படி நடக்கவே இல்லை. உணவிலும் உடையிலும் அவள் வித்தியாசம் காட்டியதாக யாரும் சொன்னதில்லை. அந்த வீட்டிலேயே இருந்து எல்லாவற்றையும் கண்டவன் டென்னிஸ். பின்னாளில் அவன் சாராவின் மகள் எலிசபெத்தையே மணந்து கொண்டான்.

சாராவுக்குச் சிரிக்கவும் தெரியும். ஆபிரகாம் கிடுகிடுவென்று வளர்ந்து, முடிவில் 6 அடி 4 அங்குல உயரம் ஆனவன். தலையைச் சுத்தமாகக் கழுவிக்கொள், இல்லாவிட்டால் நான் வெள்ளை அடித்த கூரை அழுக்காகிவிடும் என்று அவனைக் கேலி செய்வாளாம். ஒருநாள் அவன் சின்னப் பையன்களைச் சேற்றில் கால் வைக்கச் சொல்லி, அவர்களைத் தலைகீழாகத் தூக்கிக் கூரையில் நடக்க வைத்துவிட்டான். சாரா வந்து நிமிர்ந்து பார்த்தால், கூரை முழுவதும் காலடிச் சுவடு! அடி விழப்போகிறது என்று எல்லோரும் பயந்தார்கள். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஆபிரகாமே சுண்ணாம்பு கரைத்துக் கூரைக்கு வெள்ளை அடித்தான் என்று ஒரு கதை உண்டு.

கரிக்கட்டையும் பலகையும்

ஆனால் அவள் செய்த பெரிய உதவி குளிப்பாட்டியதும் அல்ல, மெத்தை கொடுத்ததும் அல்ல.

ஆபிரகாமுக்குப் புத்தகம் என்றால் உயிர். பள்ளிக்கூடமோ எப்போதாவது வரும் விருந்தாளி மாதிரி. வாத்தியார் யாராவது அந்தப் பக்கம் வந்தால், குளிர்காலத்தில் சில வாரம் நடக்கும். வாத்தியார் போனால் பள்ளிக்கூடமும் போய்விடும். லிங்கன் ஆயுள் முழுவதும் பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினால் ஒரு வருடம்கூட ஆகாது.

மிச்சப் படிப்பு வீட்டில்தான். அங்கேதான் தகராறு. உழைக்க வேண்டிய வயதில் பையன் புத்தகத்தோடு உட்காருவது தாமசுக்குப் புரியவில்லை. காடு வெட்ட வேண்டும், வேலி போட வேண்டும். வேலை இல்லாத நாளில் பையனை அயலார் வயலுக்குக் கூலிக்கு அனுப்புவார். 21 வயது வரை மகன் சம்பாதிக்கும் கூலி தகப்பனுக்குச் சேர வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். படிப்பு மும்முரத்தில் வேலையை விட்டதற்காக அவர் பையனை அடித்ததும் உண்டு என்று டென்னிஸ் சொல்லியிருக்கிறான். சாரா மட்டும் தன் கணவரை ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. அவரும் பையன் படிப்பதற்கு இடம் கொடுத்தார் என்றே கடைசி வரை சொன்னாள். கொடுக்க வைத்தவள் யார் என்பதையும் அவள் மறைக்கவில்லை. கணவரிடம் எடுத்துச் சொல்லி, பையனை வீட்டில் படிக்க விடச் செய்தவள் அவள்தான்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. ஆபிரகாம் படித்துக் கொண்டிருந்தால் யாரும் தொந்தரவு செய்யக்கூடாது. அவனாக மூடி வைக்கும் வரை படிக்கட்டும்!

படித்ததில் ஏதாவது ஒன்று மனசைப் பிடித்துவிட்டால் அவன் எழுதி வைத்துக்கொள்வான். காகிதம் இல்லாவிட்டால் பலகையில் எழுதுவான். பலகை கறுத்துப் போனால் கத்தியால் சீவிவிட்டு மறுபடி எழுதுவான். காகிதம் கிடைத்ததும் பார்த்து எழுதி, திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்வான். இதையெல்லாம் சாரா பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த எழுத்துக்களில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அது வேண்டாத வேலை என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன் மனமும் அந்தப் பிள்ளையின் மனமும் ஒரே வழியில் ஓடின என்று பிற்காலத்தில் சொன்னாள்.

ஒரு தடவை பக்கத்துத் தோட்டக்காரரிடம் வாஷிங்டனின் வாழ்க்கை வரலாற்றை இரவல் வாங்கி வந்தான். மழையில் அது நனைந்து கெட்டுவிட்டது. கையில் காசு இல்லை. அந்தத் தோட்டக்காரரின் வயலில் சோளத் தட்டை ஒடித்துக் கூலியாகக் கழித்துவிட்டு, நனைந்த புத்தகத்தைத் தனக்கே சொந்தமாக்கிக் கொண்டான்.

தகப்பனும் மகனும்

1828-ல் லிங்கனின் அக்காள் பிரசவத்தில் இறந்து போனாள். 1830-ல் குடும்பம் இல்லினாய்ஸ் மாநிலத்துக்கு நகர்ந்தது. மறு வருடம் 22 வயது லிங்கன் தனி வழியே பிரிந்தார். கடைச் சிப்பந்தி, தபால் அதிகாரி, நில அளவைக்காரர், சட்டசபை அங்கத்தினர், வக்கீல் என்று அவர் படிப்படியாக ஏறிய கதை எல்லோரும் அறிந்தது. தாமசும் சாராவும் அதே மாநிலத்தில் கோல்ஸ் என்ற ஜில்லாவில் ஒரு மரக்குடிசையிலேயே இருந்தார்கள்.

மகன் அவர்களை மறந்துவிடவில்லை. 1841-ல் 200 டாலர் கொடுத்து அவர்களுடைய நிலத்தில் 40 ஏக்கரைத் தன் பெயருக்கு வாங்கி, அவர்கள் இருவரும் உயிரோடு இருக்கும் வரை அதை அனுபவிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். கோர்ட்டு வேலையாக அந்தப் பக்கம் போனால் வீட்டுக்கும் போய் வருவார்.

ஆனாலும் தகப்பனாரோடு அவர் மனம் ஒட்டவே இல்லை. 1851 ஜனவரியில் தாமஸ் சாகக் கிடந்தார். செய்திக்கு மேல் செய்தி வந்தது. லிங்கன் போகவில்லை. வேலை இருக்கிறது, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினார். அதோடு, இப்போது சந்தித்தால் சந்தோஷத்தைவிட வேதனைதான் மிஞ்சும் என்றும் எழுதினார். ஜனவரி 17-ந் தேதி தாமஸ் இறந்தார். அடக்கத்துக்கும் லிங்கன் போகவில்லை. இடையில் இருந்த தூரம் சுமார் 100 மைல்தான்.

இது அவருடைய வாழ்க்கையில் ஒரு கறை என்று சொல்பவர்கள் உண்டு. அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் கழித்துப் பிறந்த தன் கடைசி மகனுக்கு அவர் வைத்த பெயர் தாமஸ். மனசுக்குள் என்ன நடந்ததோ!

தகப்பனார் போன பிறகு ஒரு தொல்லை கிளம்பியது. சாராவின் சொந்த மகன் ஜான் ஓரிடத்தில் நிலைத்து வேலை செய்யமாட்டான். நிலத்தை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகலாம் என்று ஆரம்பித்தான். லிங்கன் விடவில்லை. சோம்பேறித்தனத்தை விட்டுவிட்டு இருக்கிற இடத்திலேயே உழைக்கும்படி அவனுக்குக் கண்டிப்பாக எழுதினார். அந்த 40 ஏக்கர் அம்மா உயிரோடு இருக்கும் வரை அம்மாவுக்குத்தான். அவன் பயிர் செய்யாவிட்டால் குத்தகைக்கு விட்டாவது அவள் சாப்பிடலாம் என்றார். சொந்த மகன் விற்கப் பார்த்தான். மாற்றாள் மகன் அவளுக்காக வழக்காடினான்! ஜான் 1854-ல் இறந்து போனான்.

கார்டு பெட்டியில் வந்தவர்

மறுபடி 1861-க்கு வருவோம். ஜனவரி 30-ந் தேதி ஸ்பிரிங்பீல்டில் ரெயில் ஏறிய லிங்கன், மட்டூன் என்ற ஜங்ஷனில் வண்டி மாறி சார்லஸ்டன் போக வேண்டும். மட்டூனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்து புறப்பட வேண்டிய பாசஞ்சர் வண்டி போய்விட்டிருந்தது.

நாட்டின் தலைவராகப் போகிறவர் என்ன செய்தார்? தந்தி அடித்துத் தனி வண்டி வரவழைத்தாரா? இல்லை. ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அதன் கடைசியில் இருந்த கார்டு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

சார்லஸ்டன் ஸ்டேஷனில் வரவேற்கச் சிலர் காத்திருந்தார்கள். நீளமான கூட்ஸ் வண்டி வந்து நின்றது. கார்டு பெட்டி எங்கோ பின்னால், பிளாட்பாரத்துக்கு வெளியே நின்றது. அதிலிருந்து நெட்டையான ஒரு மனிதர் இறங்கி, பனியும் சேறும் கலந்த பாதையில் வண்டி ஓரமாகவே நடந்து வந்தார். அவர்தான் புது ஜனாதிபதி!

அன்று இரவு ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். மறுநாள் காலை ஒரு குதிரை வண்டியில் பார்மிங்டன் என்ற கிராமத்துக்குப் புறப்பட்டார். வண்டி ஓட்டியவர் அகஸ்டஸ் சாப்மன். அவர் சாராவின் பேத்தியை, அதாவது டென்னிசின் மகளை மணந்தவர். வழி நெடுக லிங்கன் சிற்றன்னையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தனக்கு இந்த உலகத்தில் அவளைவிட நல்ல துணை இருந்ததில்லை என்றும், எந்த மகனும் தன் தாயை அதற்குமேல் நேசிக்க முடியாது என்றும் அவர் சொன்னதாகச் சாப்மன் பிற்பாடு எழுதி வைத்தார்.

சாரா அப்போது மகள் மட்டில்டாவின் வீட்டில் இருந்தாள். வண்டி வந்து நின்றது. 41 வருடத்துக்கு முன் அவள் வண்டியில் வந்து இறங்கியபோது, குடிசைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தவன் அந்தப் பையன். இப்போது அவன் வண்டியில் வந்து இறங்கினான். அவள் எட்டிப் பார்த்தாள்.

அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடிவிட்டார்கள். பழைய சிநேகிதர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பழைய கதைகள் பேசினார்கள். லிங்கன் சிற்றன்னைக்குக் கறுப்புக் கம்பளி உடை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது.

அந்தப் பயணத்தில் அவர் இன்னொரு இடத்துக்கும் போனார். தகப்பனாரின் சமாதி! பத்து வருடத்துக்கு முன் வர மறுத்த மகன் இப்போது அங்கே போய் நின்றார். சமாதிக்கு அடையாளக் கல் இல்லை. ஒரு கல் வைக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு என்ன செலவாகும் என்று விசாரித்தார். கல் வைப்பதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவே இல்லை.

பிரியும் நேரம்

மகன் பெரிய பதவிக்குப் போகிறான் என்றால் எந்தத் தாயும் பூரிப்பாள். சாரா பூரிக்கவில்லை. தேர்தலில் அவன் நிற்க வேண்டாம், நின்றாலும் ஜெயிக்க வேண்டாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவளுக்கு அரசியல் தெரியாது. ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று மட்டும் அவள் மனசில் பட்டது. மகனை நேரில் பார்த்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

பிரியும்போது அவரைக் கட்டிக்கொண்டாள். கண்ணீர் விட்டாள். இனி உன்னைப் பார்க்கப் போவதில்லை, எதிரிகள் உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று சொன்னாள். அப்படி எல்லாம் செய்யமாட்டார்கள் அம்மா, ஆண்டவனை நம்பு, நாம் மறுபடி சந்திப்போம் என்று லிங்கன் தேற்றினார்.

பிப்ரவரி 1-ந் தேதி ஊர் திரும்பினார். 11-ந் தேதி வாஷிங்டன் புறப்பட்டார். கிழவியின் பயம் வீண் பயம் அல்ல என்பது அந்தப் பயணத்திலேயே தெரிந்தது. வழியில் பால்டிமோர் நகரில் அவரைக் கொல்லச் சதி நடக்கிறது என்று செய்தி வந்ததால், நள்ளிரவில் வேறு வண்டியில் ரகசியமாக அந்த ஊரைக் கடக்க வேண்டியதாயிற்று.

மார்ச் 4-ந் தேதி பதவி ஏற்றார். ஏப்ரல் 12-ந் தேதி உள்நாட்டுப் போர் மூண்டது. முதல் பீரங்கி வெடித்த துறைமுகத்தின் பெயரும் சார்லஸ்டன்தான். அது தெற்கே உள்ள வேறு சார்லஸ்டன். நான்கு வருடப் போர். ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். நடுவில் 1863 ஜனவரி 1-ந் தேதி, கலகம் செய்த மாநிலங்களில் இருந்த அடிமைகளுக்கு விடுதலை என்று லிங்கன் பிரகடனம் செய்தார். இந்த வருடங்களில் அவரால் இல்லினாய்ஸ் பக்கம் ஒரு தடவைகூட வர முடியவில்லை.

1865 ஏப்ரல் 9-ந் தேதி தெற்கத்திப் படைத் தலைவர் லீ சரணடைந்தார். போர் முடிந்தது என்று ஊரெல்லாம் மணி அடித்தார்கள். ஐந்தே நாள். ஏப்ரல் 14-ந் தேதி இரவு, வாஷிங்டனில் போர்டு நாடகக் கொட்டகையில் மனைவியோடு நாடகம் பார்த்துக் கொண்டிருந்த லிங்கனைப் பூத் என்ற நடிகன் பின்னால் வந்து சுட்டான். மறுநாள் காலை 7 மணி 22 நிமிடத்துக்கு அவர் உயிர் பிரிந்தது.

சாராவிடம் போய்ச் சொன்னவன் டென்னிஸ். அவள் திகைக்கவில்லை. கொன்றுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், இந்தச் செய்திக்காகத்தான் காத்திருந்தேன் என்ற கருத்தில் ஏதோ சொன்னாள். அதற்குமேல் பேசவில்லை.

கிழவி சொன்ன சாட்சியம்

அதே வருடம் செப்டம்பர் 8-ந் தேதி ஒருவர் அவளைத் தேடி வந்தார். அவர் வில்லியம் ஹெர்ண்டன். ஸ்பிரிங்பீல்டில் லிங்கனோடு கூட்டாக வக்கீல் தொழில் நடத்தியவர். லிங்கனின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்காக, அவரை அறிந்தவர்களை எல்லாம் ஊர் ஊராகப் போய் விசாரித்துக் கொண்டிருந்தார்.

சாராவுக்கு அப்போது 76 வயது. தள்ளாமை. இவளிடம் என்ன கிடைக்கப் போகிறது என்றுதான் ஹெர்ண்டன் முதலில் நினைத்தார். பேச ஆரம்பித்த பிறகு, தான் நினைத்தது தவறு என்று கண்டார். பலகையில் எழுதியது, சீவியது, மனப்பாடம் செய்தது, படிக்கும்போது யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டது, எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தது. இன்று லிங்கனின் இளமையைப் பற்றி உலகம் அறிந்திருப்பதில் ஒரு பெரும் பங்கு, எழுதப் படிக்கத் தெரியாத இந்த அம்மாள் அன்று ஒருநாள் சொன்னது!

தனக்குச் சொந்த மகன் ஜான் இருந்தான், அவனும் நல்ல பிள்ளைதான் என்றாள். ஆனால் தான் கண்ட பிள்ளைகளில், காணப்போகிற பிள்ளைகளிலும், ஆபிரகாமுக்கு இணையானவன் இல்லை என்றாள். அவன் ஒருநாளும் தன்னிடம் முகம் சுளித்துப் பேசியதில்லை, சொன்ன வேலையைச் செய்ய மறுத்ததில்லை என்றாள். விடை பெறும்போது ஹெர்ண்டனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

1867 டிசம்பரில் லிங்கனின் விதவை மேரி, சாராவுக்கு ஒரு கடிதம் எழுதி, சில பரிசுப் பொருள்களும் அனுப்பினாள். கடைசி மகனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம் என்று அதில் தெரிவித்திருந்தாள். அந்தக் கடிதத்தையும் சாராவுக்கு வேறு யாரோதான் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

1869-ல் சாரா காலமானாள். ஷைலோ இடுகாட்டில் தாமசின் பக்கத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். லிங்கன் கடைசியாக வந்தபோது கொடுத்த கறுப்பு உடையைத்தான் அவளுக்கு உடுத்தியிருந்தார்கள்.